நகர இளைஞருக்கான மூன்று கான்செப்ட் கார்கள்: எதன் தொழில்நுட்பம் நீடிக்கும்?

நகரத்தில் தன் முதல் காரை வாங்கும் இளைஞர் பெரும்பாலும் குறைந்த தூரமே ஓட்டுகிறார். ஓட்டுவதைவிட நிறுத்த இடம் தேடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. இவரை மனத்தில் கொண்டு உருவான மூன்று மின்சார கான்செப்ட் கார்களை, அதாவது கண்காட்சியில் காட்டுவதற்காகச் செய்யும் முன்மாதிரி வண்டிகளை, இங்கே ஒரே ஒரு கேள்வியின் அடிப்படையில் எடைபோடுகிறேன். காரின் உடல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும், ஆனால் அதனுள் பொருத்திய திரையும் மென்பொருளும் அதற்கு வெகு முன்பே பழையதாகிவிடும். இந்த முரண்பாட்டை யார் எப்படித் தீர்த்தார்கள்?

2017-இல் ஃப்ராங்க்பர்ட் கார் கண்காட்சியில் அறிமுகமான ஹோண்டா அர்பன் இவி, தொழில்நுட்பம் முழுவதையும் காருக்குள்ளேயே வைத்தது. டேஷ்போர்டு நெடுகிலும் ஓடிக் கதவுகள் வரை நீண்ட திரை, முன்விளக்குகளுக்கு நடுவே பிறருக்குச் செய்தி காட்டும் பலகை என எல்லாமே கண்ணைக் கவர்ந்தன. அதிலிருந்து 2020-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா ஈ காரில் ஐந்து திரைகள் வரிசையாக இருந்தன. பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கேமராக்கள் வந்தன. மழையில் நனைந்த கண்ணாடியைவிடக் கேமரா தெளிவாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் தொலைவிலுள்ள சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள திரைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மோட்டார் பின்சக்கரங்களை இயக்கியதால் முன்சக்கரங்கள் அதிகமாகத் திரும்பி, ஏறத்தாழ 9 மீட்டர் வட்டத்துக்குள் வண்டியைத் திருப்ப முடிந்தது; நெரிசலில் ஓட்டுபவருக்கு எந்தத் திரையையும்விட இதுவே பெரிய வரம். அப்படியிருந்தும் 35.5 கிலோவாட் மணி பேட்டரியும் அதிகபட்சம் 220 கிலோமீட்டர் அளவிலான ஓடுதூரமும் போட்டிக்குப் போதவில்லை. 2024-இன் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுபோனது.

2019-இல் ஜெனீவா கார் கண்காட்சிக்கு வந்த சிட்ரோன் அமி ஒன், எதிர்த்திசையில் சிந்தித்தது. இளைஞர் கையில் ஏற்கெனவே நல்ல கணினி ஒன்று இருக்கிறது, அதையே காரின் மூளையாக்கலாம் என்பதே அதன் வாதம். கைபேசியைக் கொண்டு கதவைத் திறந்து, ஓட்டுநரின் முன்னுள்ள தாங்கியில் அதைச் செருகினால் வழிகாட்டியும் பாட்டும் தயார். கைபேசியை மாற்றினால் காரும் புதுப்பிக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது.

அதிலிருந்து 2020-இல் விற்பனைக்கு வந்த அமி, 2.41 மீட்டர் நீளமும் 5.5 கிலோவாட் மணி பேட்டரியும் கொண்ட இருவர் வண்டி. சாதாரண மின்செருகியில் சுமார் 3 மணி நேரத்தில் சார்ஜ் ஏறுகிறது. இதன் சிக்கனத்தைக் கதவிலேயே காணலாம். இரு பக்கத்துக்கும் ஒரே வடிவக் கதவைப் பொருத்தியிருப்பதால் ஒன்று வழக்கம்போல முன்பக்கக் கீலிலும் மற்றொன்று பின்பக்கக் கீலிலும் திறக்கிறது. சன்னல் கண்ணாடியைக் கையால் மேல்நோக்கி மடக்க வேண்டும். பிரான்சில் 14 வயதினர் முழு உரிமம் இல்லாமலேயே இதை ஓட்டலாம். ஆனால் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டாது, மோதலில் காக்கும் காற்றுப்பையும் (ஏர்பேக்) கிடையாது. விரைவுச்சாலையைத் தொட வேண்டியவர் இதை நினைக்கவே வேண்டாம்.

அதே ஜெனீவா மேடையில் நின்ற ஃபியட் சென்டோவென்ட்டிதான் என் மனத்தை வென்றது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 100 கிலோமீட்டர் ஓடும் பேட்டரி மட்டும் இருக்கும். கூடுதல் பேட்டரிகளை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ 500 கிலோமீட்டர் வரை நீட்டிக்கலாம் என்றது ஃபியட். இருக்கைக்கு அடியில் வைக்கும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்யலாம் என்பது, கார் நிறுத்துமிடத்தில் மின்செருகி இல்லாத அடுக்குமாடிவாசியின் தலைவலியை நேரடியாகத் தொடுகிறது. டேஷ்போர்டு முழுவதும் துளைகள். வேண்டிய கருவியை வேண்டிய இடத்தில் அழுத்திப் பொருத்திக்கொள்ளலாம். பெரிய திரை வேண்டுமென்றால் உண்டு, இல்லையென்றால் சொந்தக் கைபேசியே போதும். திரை பழையதானால் திரையை மட்டும் மாற்றலாம் என்பதால், நான் கேட்ட கேள்விக்கு முழு விடை இங்கேதான் கிடைக்கிறது.

இன்று ஒன்றை வாங்கியே ஆக வேண்டும் என்பவருக்கு, நகர எல்லைக்குள்ளேயே சுற்றுபவராக இருந்தால், அமியைத்தான் சொல்வேன். சென்டோவென்ட்டி விற்பனைக்கு வரவே இல்லை. 2024-இல் அதே ஃபியட் அறிமுகப்படுத்திய சிறிய காரான கிராண்டே பாண்டாவின் மின்சார வடிவத்தில் 44 கிலோவாட் மணி பேட்டரி அடித்தளத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டே வருகிறது, கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி அதில் இல்லை.