கவலைக்கு எட்டு வாரப் பயிற்சியா, அரை மணி நேர ஒதுக்கீடா?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு பயிரிடுபவருக்குக் கவலைப்படக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை: மழை தப்பலாம், காட்டுமாடு வேலியை மிதித்துப் போகலாம், வடுகபட்டிச் சந்தையில் விலை சரியலாம். ஆனால் விலை படிந்து, மூட்டைகள் இறங்கி, பணமும் கைக்கு வந்த பிறகும் மனம் அடுத்த கவலையைத் தேடி ஓடுகிறது, இந்த நிலை பெரும்பாலான நாட்களில் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கிறது என்றால், பூண்டு விலையை மட்டும் அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இதற்குப் பரிந்துரைக்கப்படும் வழிகளுள் ஒன்று மனவிழிப்புப் பயிற்சி, ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ். (சிலர் இதை 'மனநிறைவு' என்று மொழிபெயர்க்கிறார்கள், நிறைவு தேடி வருபவரை அது ஏமாற்றிவிடும்.) ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் வகுத்த முறைப்படி, இது எட்டு வாரப் பாடம்: வாரம் ஒரு முறை சுமார் இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள் அமர்வு, வீட்டில் தினமும் ஏறத்தாழ 45 நிமிடப் பயிற்சி. 'விலை சரிந்தால் என்ன செய்வது?' என்று மனம் கேட்கும்போது அதற்கு விடை தேடாமல், 'இது ஓர் எண்ணம்' என்று கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்பப் பழகுவதே இதன் சாரம். பதற்றக் கோளாறு உடைய 276 பேரிடம் நடந்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எட்டு வார முடிவில் இப்பயிற்சி, பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறைவில்லாத பலன் தந்தது.

மற்றொரு வழி, உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் விவரித்த 'கவலை நேரம்' என்னும் உத்தி. எழும் கவலையைத் தாளில் குறித்துத் தள்ளிவைத்து, தினமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரை மணி நேரம் மட்டும் அதற்கு ஒதுக்க வேண்டும். அந்த அரை மணியில், இன்று செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரித்துவிடலாம். படுக்கப் போகும் நேரம் இதற்கு ஆகாது. மலையில் சீக்கிரம் உறங்குபவர்கள் மாலை அடுப்பு மூட்டும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

என் கணிப்பில், கடன் தவணை போன்ற உண்மையான சுமை உள்ளவர் இரண்டாவதிலிருந்தே தொடங்க வேண்டும். வங்கிக்குப் போய்ப் பேச வேண்டியவரை மூச்சைக் கவனிக்கச் சொல்வது முறையன்று. தாளும் பென்சிலும் போதும் என்பதால் வாராவாரம் பேருந்தேறி டவுனுக்கு வரும் செலவுமில்லை. பிரித்த பிறகும் 'கையில் இல்லாதது' பக்கமே நிரம்பி வழிந்தால், அங்கேதான் மனவிழிப்புப் பயிற்சிக்கு வேலை இருக்கிறது.

கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவி ஆமா சாமி 1996இல் நிறுவிய போதி ஜென்டோ என்னும் ஜென் பௌத்தத் தியான மையத்தைச் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்கிறார்கள். கபாட்-ஜின்னும் ஜென் பயின்றவர்தான். ஆயினும் ஜென் ஓர் ஆன்மிகப் பாதை, சிகிச்சையன்று. பதற்றம் முற்றியிருக்கும்போது நாள் முழுதும் மௌனமாக அமர்வது சிலருக்கு அதைக் கூட்டவும் கூடும். ஓரளவு நிதானம் வந்த பிறகு போகலாம்.

மாத்திரை எடுப்பவர்கள் இவற்றை நம்பித் தாமாக நிறுத்திவிடக் கூடாது. தற்கொலை எண்ணமோ, வேலையே ஓடாத சோர்வோ இருந்தால் இந்த ஒப்பீடுகளுக்கெல்லாம் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.