நான்கு சம்பா, ஒரு ட்ரோன்: செட்டிநாட்டு வயல்களில் மருந்தடித்த அனுபவம்

2022-ல் ட்ரோன் ஓட்டுவதற்கான ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கினேன். அந்த வருஷச் சம்பாவிலிருந்து கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கம் வாடகைக்கு மருந்தடித்துக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது 10 லிட்டர் டேங்க் உள்ள, ஆறு இறக்கை வைத்த மெஷின். மருந்தோடு சேர்த்து 25 கிலோவுக்குள் அடங்கும். நான்கு போகம் ஓட்டியாயிற்று. வாங்கலாமா என்று யோசிக்கிற பலரும் முதலில் கேட்பது, "பறக்க விடுறது கஷ்டமாண்ணே?" என்றுதான். பறக்க விட ஐந்து நாள் பயிற்சியிலேயே கை வந்துவிட்டது. காற்றைப் பார்க்கப் பழகத்தான் இரண்டு போகம் ஆனது.

அதை எப்படிப் பழகினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம், கார்த்திகைக் கடைசி. இரண்டு நாள் மழை விட்டு வானம் வெளுத்த காலை. கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கரில் அகன்ற இலைக் களைக்குக் களைக்கொல்லி அடிக்க வேண்டும். ஆறரை மணிக்கெல்லாம் போய்விட்டேன். ஒரு இலை அசையவில்லை. காற்றே இல்லை, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்து அடித்து முடித்தேன். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. மூன்று வயல் தள்ளி ஒரு கத்தரித் தோட்டம். கொழுந்து இலையெல்லாம் கிண்ணம் மாதிரிக் குவிந்து, காம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. அந்தத் தோட்டத்து ஆத்தா திட்டவில்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "இத வித்துத்தானய்யா பேத்திக்கு பீஸு கட்டணும்" என்றார். அந்தப் போகத்துக் கத்தரிக்கு உண்டான பணத்தைக் கொடுத்தேன். கையில் இருந்த அந்தக் கொழுந்து இன்றும் மனசில் கிடக்கிறது.

நடந்தது இதுதான். தெளிந்த வானமுள்ள இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேல் காற்று பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். நுண்ணிய மருந்துத் துளிகள் மேலே போய்க் கலையவும் முடியாது, சட்டென்று கீழே விழவும் செய்யாது. அப்படியே மிதந்து, பள்ளம் இருக்கும் பக்கம் நகர்ந்து போகும். கண்மாய்க்குக் கீழே நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ, அந்தப் பக்கம்தான் கத்தரி இருந்தது.

இப்போது வயலுக்குப் போனதும் முதல் வேலை, ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்துவது. புகை ஆள் உயரம் ஏறி, பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டால் மெஷினை இறக்கவே மாட்டேன். வெயில் ஏறி, புகை சாய்வாகப் போய்க் கலைய ஆரம்பித்ததும் தொடங்குவேன். மணிக்கு மூன்றிலிருந்து பத்து கிலோமீட்டர் காற்று, ஒரே திசையில் இருந்தால் போதும். பக்கத்தில் தோட்டமோ கொடிக்காலோ இருந்தால், காற்று அதைவிட்டு விலகி வீசும் நாளாகப் பார்க்க வேண்டும். காத்திருக்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இந்தப் புகை வித்தை என்னுடையது இல்லை. விமானத்தில் மருந்தடிக்கும் பைலட்டுகளைப் பற்றித் தேடிப் படித்தபோது கிடைத்தது. அவர்கள் இன்ஜினின் சூடான புகைபோக்கிக்குள் கொஞ்சம் எண்ணெயைச் செலுத்தி வெள்ளைப் புகை கிளப்புவார்கள். அது போகிற போக்கைப் பார்த்துக் காற்றைக் கணிப்பார்கள். இந்தத் தொழில் தொடங்கியதே காற்றை நம்பித்தான். 1921 ஆகஸ்ட் 3-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோவில் ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி, கர்ட்டிஸ் விமானத்தில் தாழப் பறந்து, புழு அரித்துக்கொண்டிருந்த கட்டால்பா மரத் தோப்பின் மேல் ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். காற்று வரும் பக்கமாகப் பறந்து, தூளைத் தோப்புக்குள் கொண்டு சேர்க்கும் வேலையைக் காற்றிடமே விட்டார். நம் நாட்டிலும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1970-களில் 'பசந்த்' என்று மருந்தடிக்கும் விமானம் செய்தது. ஜப்பானில் யமஹா 1987-லேயே ஆளில்லாத சின்ன ஹெலிகாப்டரை நெல் வயலுக்குக் கொண்டுவந்துவிட்டது. செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைக்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பயிருக்குப் பத்தடி உயரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு பறந்தவர்கள் நினைவுக்கு வருவார்கள். நான் தப்பு செய்தால் மெஷின் உடையும். அவர்கள் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் அதிகம் பயந்தது கரண்ட் கம்பிக்கு. நானும் அதற்குத்தான் பயப்படுகிறேன். போஸ்ட் கண்ணுக்குத் தெரியும். போஸ்டைச் சாயாமல் பிடித்திருக்கும் இழுவைக் கம்பி, காலை வெயிலில் தெரியவே தெரியாது. அதனால் எத்தனை தடவை அடித்த வயலாக இருந்தாலும் வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுவேன். வரப்புப் பனைகள், கண்மாய்க் கரையிலிருந்து நீளும் கருவேலங்கிளை, போன மாதம் யாரோ புதிதாக இழுத்த மோட்டார் ஒயர் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பயிருக்குள் படுத்திருக்கும் மயில்கள் சத்தம் கேட்டதும் திடுமென்று எழும்பும். நடந்து வந்தால் அவையும் முன்கூட்டியே விலகிவிடும்.

வரைபடம் போட்டுத் தானாகப் பறக்க விடும் வசதியை இங்கே பாதி இடத்தில்தான் பயன்படுத்த முடிகிறது. முப்பது சென்ட், நாற்பது சென்ட், அதிலும் வாழைக்காய் மாதிரி வளைந்த வரப்பு. அங்கெல்லாம் கையால்தான் ஓட்ட வேண்டும். திரும்பும் இடத்தில் பம்பை நிறுத்த மறந்தால் வரப்போரப் பயிருக்கு இரட்டை மருந்து விழுந்து நுனி கருகும். பயிருக்கு மேல் இரண்டு, இரண்டரை மீட்டர் உயரம் எனக்குச் சரியாக வருகிறது. பால் பிடித்துக் கதிர் கனத்த பிறகு அதற்கும் கீழே இறங்கக் கூடாது. ஒரு தடவை பம்ப் மக்கர் செய்ய, என்னவென்று பார்க்க ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தேன். இறக்கைக் காற்றில் வட்டமாக நெல் சாய்ந்துவிட்டது. நெல் பூக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை நான் அடிப்பதில்லை. பூ விரியும் நேரம் அது.

"ஏந்தம்பி, இலை நனையவே இல்லையே, மருந்து விழுந்துச்சா?" வயதானவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். கையால் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம், நான் ஊற்றுவது 10 லிட்டர். இதற்குப் பதில் சொல்ல மஞ்சள் நிறத்தில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். துளி பட்டால் நீலமாகிவிடும். அடிக்கும் முன் நாலைந்து இலைகளில் மேலேயும் அடியிலேயும் கிளிப் போட்டு மாட்டிவிடுவேன். அடித்து முடித்ததும் அவர்களையே எடுத்துப் பார்க்கச் சொல்வேன். மஞ்சளில் கடுகு சிதறினாற்போல நீலப் புள்ளிகள். அடியில் மாட்டியதிலும் சில புள்ளிகள் இருக்கும். இறக்கைக் காற்று இலையைப் புரட்டிவிடுவதால் வருவது அது. ஒரு பெரியவர் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் டீக்கடையில் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் தண்ணீர் குறைவு என்றால் கலவை அதற்கேற்ற கெட்டி. அதே மருந்து, இருபதில் ஒரு பங்கு தண்ணீரில். கலக்குகிறவர் கையில் சொட்டினால் அவ்வளவு வீரியமாகச் சொட்டும். கையுறை, முகமூடி இல்லாமல் யாரையும் என் வாளிப் பக்கம் விடுவதில்லை. இரண்டு மருந்தைச் சேர்த்து அடிக்கச் சொன்னால், முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே அளவுக் கணக்கில் கலந்து கால்மணி நேரம் வைப்பேன். கைத்தெளிப்பானில் ஒத்துப்போன ஜோடி, இந்தக் கெட்டியில் பால் திரிந்ததுபோலத் திரிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். தூள் மருந்தாக இருந்தால் தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் டேங்குக்குள் ஊற்ற வேண்டும். கண்மாய்த் தண்ணீரும் அப்படியே. இல்லாவிட்டால் மருந்தைத் துளியாகப் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொள்ளும், ஒரு பக்கம் மருந்தே விழாது.

இலைச்சுருட்டுப் புழு, கதிர்நாவாய்ப் பூச்சி, இலையில் தெளிக்கும் நானோ யூரியா இவற்றுக்கு ட்ரோனை மனசாரப் பரிந்துரைக்கிறேன். ஏக்கருக்கு ஏழெட்டு நிமிஷம், சேற்றில் யாரும் இறங்க வேண்டாம். சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்குக் கூப்பிட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அது தூரடியில் உட்கார்ந்திருக்கும். அடர்ந்த பயிரில் என் 10 லிட்டர் அங்கே போய்ச் சேராது. ஆளை விட்டுப் பயிரை விலக்கி, தூரில் படும்படி அடிப்பதுதான் சரி. வாடகை போகிறதே என்று பார்த்தால் அவர்கள் நெல் போய்விடும்.

செலவில் அதிகம் கடித்தது பேட்டரி. நாலு செட் வைத்து, ஜெனரேட்டரில் மாற்றி மாற்றி சார்ஜ் போட்டால்தான் காலை வேலை தடையில்லாமல் ஓடும். இறக்கியதும் சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற வேண்டும். தை முடிந்தால் எங்கள் பக்கம் அடுத்த புரட்டாசி வரை பெரிதாக வேலை இல்லை. முதல் கோடையில் எல்லாவற்றையும் முழுச் சார்ஜில் ஓட்டு வீட்டுக்குள் வைத்துவிட்டேன். சித்திரையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தன. இப்போது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட்டில் நிறுத்தி, நிழலான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பார்க்கிறேன். நம் செம்மண் புழுதி மோட்டாருக்குள் ஏறும். அதனால் மெஷின் எழும்பவும் இறங்கவும் கீழே விரிக்க ஒரு தார்ப்பாய் கட்டாயம் வேண்டும்.

காகித வேலை பெரிய சிரமம் இல்லை. பத்தாவது பாஸ், 18 வயது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தேர்ச்சி, மெஷினுக்குப் பதிவு எண். கிளம்பும் முன் வரைபடத்தில் அந்த இடம், முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வரும் புரட்டாசிக்கு இரண்டு பேட்டரியும் ஒரு செட் நாசிலும் சொல்லியிருக்கிறேன். கண்மாய்க்குக் கீழே அந்த இரண்டு ஏக்கருக்கு இந்த வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். களைக்கொல்லியை ஆள் விட்டுக் கையால் அடித்துக்கொள்ளுங்கள், புழு மருந்துக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வருவதற்கு முதல் நாள் சொல்லிவிடும்படி கத்தரித் தோட்டத்து ஆத்தா கேட்டிருக்கிறார். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது.