மலையில் குளவி கொட்டி விழுந்த அம்மாவை ‘வீட்டில் விழுந்தவர்’ ஆக்கிவிட்டார்கள்

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும், அம்மா அப்பாவைத் தோட்டத்தில் விட்டுவிட்டு என்னைப் போலக் கொழும்பில் வேலை பார்க்கிறவர்களும் இதைக் கடைசிவரை வாசியுங்கள். வேலையில் அடிபட்ட ஒருவரைக் கடதாசியை வைத்தே எப்படி ஏமாற்றலாம் என்பதை எங்கள் குடும்பம் பார்த்துவிட்டது. முதலில் தோட்ட நிர்வாகம், அப்புறம் நட்டஈடு எடுத்துத் தருகிறேன் என்று வந்த ஒரு தரகர். விசாரணை இன்னும் முடியாததால் இரண்டு தரப்பின் பெயரையும் எழுதவில்லை.

அம்மா பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிப்பவர். அன்றைக்குக் காலைக் கொழுந்து நிறுவை முடிந்து மறுபடி மலை ஏறி நிரையில் நிற்கும்போது குளவிக் கூடு கலைந்திருக்கிறது. மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். அம்மா ஓடும்போது வடிகால் கானுக்குள் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முகமெல்லாம் கொட்டு. உதடு வீங்கிப் பேச்சே வரவில்லை.

கொழுந்து லொறியில் ஏற்றித் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். கொட்டு வாங்கிய மற்றப் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். ஊசி போட்டார்கள், கையைத் துணியால் சுற்றினார்கள். எலும்பு முறிந்ததைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் அம்மாவை அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் போனது எங்கள் ஆட்கள் இல்லை, தோட்டத்திலிருந்து அனுப்பிய ஒருவர். தங்கச்சி பின்னால் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வார்டில் சேர்த்தாகிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது. எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அம்மாவால் பேச முடியவில்லை. கூட வந்தவர்தான் பதில் சொன்னார்: “லயத்துக்குப் பின்னால குளவி கொட்டி விழுந்துட்டாங்க.” லயம் என்றால் நாங்கள் குடியிருக்கும் தோட்ட வரிசை வீடு. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வரும்போது தந்த டயக்னோசிஸ் கார்டிலும் வீட்டில் விழுந்ததாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய அந்த வரியைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆஸ்பத்திரிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட வந்தவர் சொன்னதை எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஒரு இடத்தை மாற்றிச் சொல்வதில் தோட்டத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று 1934இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டியது தொழில் கொடுப்பவர். யாருடைய கவனக்குறைவு என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தி, உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபா ஆக்கினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அப்போது சேர்த்தார்கள். உச்சத் தொகை எல்லோருக்கும் கிடைக்காது, சம்பளத்தையும் ஊனத்தின் அளவையும் பார்த்துத்தான் கணக்கு. ஆனாலும் மலையில் விழுந்தால் தோட்டத்தின் பொறுப்பு, லயத்துக்குப் பின்னால் விழுந்தால் நம்முடைய தலைவிதி. அந்த ஒரு வரியின் விலை அதுதான்.

கைக்குப் பிளேட் வைக்க வேண்டியிருந்தது. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் பிளேட்டையும் ஸ்குரூவையும் வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். கடன் வாங்கித்தான் கொடுத்தோம். ஒரிஜினல் பில்லைக் கொடுத்தால் காசு போட்டுத் தருவோம் என்று தோட்ட ஆபிசில் சொன்னார்கள். தங்கச்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியதற்கு ஒரு துண்டுகூட எழுதித் தரவில்லை. பிறகு போய்க் கேட்டால், எந்த பில் என்று கேட்கிறார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஆபிசிலிருந்து இரண்டு பேர் லயத்துக்கு வந்தார்கள். “துரை உங்க மருந்துச் செலவுக்கு இருபத்தஞ்சாயிரம் குடுக்கச் சொன்னாரு, வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து போடுங்கக்கா” என்று டைப் செய்த ஒரு தாளை நீட்டினார்கள். துரை என்றால் தோட்ட முகாமையாளர். தாள் முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. வலது கை கட்டில் இருந்ததால் பெருவிரல் ரேகை வாங்கினார்கள், அதுவும் இடது கையில். பிரதி தரவில்லை. தங்கச்சி கெட்டிக்காரி, மை காய்வதற்குள் போனில் ஒரு படம் எடுத்துவிட்டாள்.

அதில் இருந்தது இதுதான்: விபத்து வேலை நேரத்தில் நடக்கவில்லை, மனிதாபிமானத்தின் பேரில் தோட்டம் ஒரு தொகை தருகிறது, இதற்கு மேல் எந்தக் காலத்திலும் எதையும் கேட்க மாட்டேன். மருந்துச் செலவு என்ற சொல்லே அதில் இல்லை.

இப்படி ஒரு தாளில் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் எங்கள் டிவிஷனிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின்படி செல்லாது. தாளைக் காட்டி யாராவது மிரட்டினால் மிரளாதீர்கள்.

தொழிற்சங்கத் தலைவரிடமும் போனோம். வந்தார், டீ குடித்தார், துரையோடு பேசுகிறேன் என்றார். அம்மா வேலைக்குப் போன காலம் முழுக்கச் சந்தா மட்டும் மாதம் தவறாமல் சம்பளத்தில் வெட்டுப்பட்டது. வேறென்ன சொல்ல.

இனித் தரகர் கதை. டவுனில் தெரிந்த ஒருவர் மூலமாக மாமாவிடம் வந்தவர். நல்ல உடுப்பு, கையில் பைல், வாய் நிறையச் சட்டம். கொழும்பில் ஆள் இருக்கிறது, பத்து இலட்சத்துக்குக் குறையாது, வருவதில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு, இப்போதைக்கு பைல் செலவுக்குப் பதினைந்தாயிரம் என்றார். மாமா பாவம், நல்லது செய்வதாக நினைத்துக் காசையும் கொடுத்து டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொடுத்துவிட்டார். கிளினிக்குக்குப் போகக் கொப்பி இல்லாமல் அம்மா தடுமாறியதுதான் மிச்சம். போன் பண்ணினால் முதலில் “கேஸ் போட்டாச்சு அண்ணே, நம்பர் வரட்டும்” என்றார். அப்புறம் போனே எடுப்பதில்லை.

நான் லீவு போட்டு, கொழும்பில் இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தேன். அம்மாவின் பெயரில் ஒரு விண்ணப்பமும் வந்திருக்கவில்லை. விண்ணப்பம் போட ஒரு தரகரும் தேவையில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. தொழிலாளி தானே போடலாம். அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடக் கெடு. இந்த ஆளை நம்பிக்கொண்டே இருந்திருந்தால் அதுவும் ஓடிப்போயிருக்கும். கேஸ் போட்டாயிற்று என்று யார் சொன்னாலும் சரி, இலக்கத்தை வாங்கி அந்த அலுவலகத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பிரச்சினை செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் பதிவு. தோட்டத்தில் அம்மாவுக்கு அந்த நாளுக்குப் பேரே போடவில்லை. அன்று வேலைக்கு வரவில்லையாம்! 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்த ஒரு நாள் காசு போனால் போகட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் அன்று பேர் இல்லை என்றால் விபத்தே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இங்கே அவர்கள் கணக்குத் தப்பியது. காலையில் கொழுந்து நிறுத்தபோது கொடுத்த சிட்டை அம்மாவின் படங்குப் பைக்குள் கிடந்தது, திகதியும் கிலோவும் போட்டு. அதைவிடப் பெரிய விஷயம், கூடக் கொட்டு வாங்கிய பெண்களின் டிஸ்பென்சரிச் சீட்டுகள். அவற்றில் எல்லாம் அதே திகதியில் தேயிலை மலையின் நம்பரோடு, வேலையின்போது குளவி கொட்டியது என்று எழுதியிருக்கிறது. லயத்துக்குப் பின்னால் என்று சொன்னவர்கள் மற்றவர்களின் சீட்டை மறந்துவிட்டார்கள். இரண்டு அக்காமார் தங்கள் சீட்டைப் பிரதி எடுக்கத் தந்து, நடந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அதனால் அவர்களுக்கு வேலையில் என்னென்ன தொந்தரவு வந்தது என்பது தனிக் கதை. அவர்கள் இல்லையென்றால் எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

அம்மாவின் வாக்குமூலத்தைப் பொலிசில் பதிந்து பிரதி எடுத்தோம். டயக்னோசிஸ் கார்டில் இருக்கும் காரணம் தவறு, தகவல் கொடுத்தது நோயாளி இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம். தரகர் கொண்டுபோன கடதாசிகளுக்கும் காசுக்கும் தனி முறைப்பாடு. பிறகு விண்ணப்பத்தை நாங்களே நிரப்பி அனுப்பினோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது வீட்டு ஆள் ஒருவர் அதே வாகனத்தில் ஏற வேண்டும். ஏற முடியாவிட்டால், வார்டுக்குப் போன உடனே எங்கே, என்ன வேலையில் அடிபட்டது என்று டொக்டரிடம் சொல்லி டிக்கெட்டில், அதாவது வார்டில் வைக்கும் நோயாளியின் குறிப்பில், எழுதச் சொல்லுங்கள். சிங்களம் வராவிட்டால் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்காவது வரும். ஆஸ்பத்திரியில் பொலிஸ் போஸ்ட் இருந்தால் அங்கேயும் போய்ச் சொல்லுங்கள். ஒரிஜினல் கடதாசி எதையும் தோட்டத்துக்கும் சரி, வேறு யாருக்கும் சரி, போட்டோப் பிரதி எடுக்காமல், கொடுத்ததற்கு எழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் தாள் வந்தால், மகன் வந்து பார்க்கட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அதற்காக யாரும் செக்ரோலில் உங்கள் பேரை வெட்ட முடியாது. வெட்டினால் தொழில் திணைக்களத்தின் ஹட்டன் அலுவலகத்திலோ நுவரெலியா அலுவலகத்திலோ முறைப்பாடு செய்யுங்கள்.

வேலையே செய்ய முடியாத அளவுக்கு நிரந்தர ஊனம் என்றால் ஊழியர் நம்பிக்கை நிதியிலும், அதாவது ஈ.டி.எப்.இலும், ஒரு உதவி இருக்கிறது. அது நட்டஈட்டிலிருந்து வேறு. ஒன்றைக் கேட்டதால் மற்றது போய்விடாது. எங்கள் தோட்டத்தில் இதைத் தெரிந்த ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

அம்மாவின் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. அந்தக் கையால் கொழுந்து பறிக்க முடியாது. எவ்வளவு வீதம் ஊனம் என்று வைத்தியர் எழுதும் அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம். அந்தத் தரகர் இப்போது மஸ்கெலியாப் பக்க லயங்களில் திரிவதாகக் கேள்விப்பட்டேன். பைலோடு வந்து பத்து இலட்சம் என்று பேச்சை ஆரம்பித்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் விசாரணைக்குத் திகதி கிடைத்ததும் மிச்சத்தை எழுதுகிறேன்.