பூவைக் காட்டிக் கன்று விற்கும் லொறிக்காரர்: மலையகத்தில் வீடு உள்ளவர்கள் கவனம்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் றோட்டோரமாக லொறியில் பூக்கன்று விற்க வருவார்கள். எல்லோரையும் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு விற்றவர் தெரிந்தே ஏமாற்றினார்.

கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாக் கன்று மூன்று வாங்கினோம். நீலம் 600 ரூபா. ரோஸும் கடும் சிவப்பும் "வெளிநாட்டு ஜாதி அக்கா, இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை" என்று ஒவ்வொன்றும் 1800. மூன்றிலும் பூ இருந்தது, பார்த்துத்தான் எடுத்தோம். முற்றத்தில் வைத்து மறுபடி பூத்தபோது மூன்றும் ஒரே நீலம்.

ஹைட்ரேஞ்சியாவின் நிறத்தை மண்தான் மாற்றுகிறது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5க்கு மேலே போனால் ரோஸ், நடுவில் ஊதா கலந்து வரும். தேயிலைக்கு ஏற்ற மண்ணே 4.5 முதல் 5.5 வரை உள்ள மண். அப்படியென்றால் எங்கள் தோட்டத்து மண்ணில் ரோஸைக் கொண்டுவந்து வைத்தாலும் பெரும்பாலும் நீலத்துக்குத்தான் திரும்பும். வெள்ளைப் பூ ஜாதி இப்படி நீலமாகாது.

கன்று வந்த கறுப்புப் பொலித்தீன் பையைப் பிறகு கிழித்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் வெள்ளையாகத் தூள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் தூள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? பையில் அதைப் போட்டு ரோஸாக வைத்திருந்து விற்றிருக்கிறார். போன் எடுத்துக் கேட்டால் "உங்கள் மண் சரியில்லை அக்கா" என்கிறார். வீடு எங்கே என்று விசாரித்து, மண் எப்படி என்று தெரிந்துகொண்டுதான் கன்றைக் கையில் கொடுத்தார்! ஹைட்ரேஞ்சியா சும்மா தடி வெட்டி ஊன்றினாலே பிடிக்கும், பக்கத்து வீட்டில் கேட்டால் தருவார்கள். ரோஸ்தான் வேண்டும் என்றால் பெரிய சாடியில் வைத்து டொலமைட் போட்டுப் பாருங்கள்.

சரி, அது பணத்தோடு போனது. நான்காவது கன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிவப்புப் பூப் படம் ஒன்றைக் கட்டி, "ஹோர்ட்டன் சமவெளி றொடடெண்ட்ரன்" என்று 2500 ரூபாவுக்குக் கொடுத்தார். றொடடெண்ட்ரன் என்பது எங்கள் மலைக்காட்டில் சிவப்பாகப் பூக்கும் மரம். பூ இல்லாத கன்று. வவுனியாவிலிருந்து வந்த மாமி பார்த்தவுடனே, "பிள்ளை, இது அலரி எல்லோ! ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில ஏன் வைச்சிருக்கிறீங்க?" என்றார். அலரியில் இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். கொஞ்ச இலை போதும், ஆடு மாடு செத்துவிடும். பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றம் அது.

இரண்டையும் இலையை வைத்தே பிரித்துவிடலாம். அலரியில் ஒரே கணுவிலிருந்து மூன்று மூன்றாக இலை கிளம்பும், குறுகி நீண்டு, நடு நரம்பு தெளிவாகத் தெரியும். எங்கள் மலையில் தானாக வளரும் றொடடெண்ட்ரனில் இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும், தடித்திருக்கும், திருப்பினால் அடிப்பக்கம் பழுப்பாகப் பஞ்சு படிந்தாற்போலத் தெரியும். இன்னொன்று, ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து செடி பிடுங்கி வருவது குற்றம். அங்கே எடுத்தது என்று ஒருவர் சொன்னால் ஒன்றில் பொய், இல்லாவிட்டால் திருட்டு. இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இந்த சீசனில் படம் கட்டிய கன்று வாங்கியவர்கள் இன்றைக்கே இலையைப் பாருங்கள். மூன்று மூன்றாக இருந்தால் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது. புல்லுக்கட்டோடு கலந்துவிடாமல் ஆழமாகப் புதையுங்கள். பிள்ளையோ பெரியவரோ வாயில் வைத்தது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், ஒரு இலையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.