தரங்கம்பாடியா, மாமல்லபுரமா? ஒரு இரவு தங்கிக் கடல் பார்க்க

சென்னையிலிருந்து ஏதாவது கடற்கரை ஊருக்குப் போய் ஒரு இரவு தங்கி வரலாம் என்று பேச்செடுத்தால், முதலில் வாயில் வருவது மாமல்லபுரம்தான். அறுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தரங்கம்பாடிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். ரயிலில் போனால் மயிலாடுதுறையில் இறங்கி, பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரம். தூரத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் நம் கிழக்குக் கரையில் மணலில் இருக்கத் தோதான வேளை இரண்டுதான்: விடியற்காலை, அப்புறம் மாலை நான்கு மணிக்கு மேல். நடுப்பகலில் கால் வைக்க முடியாது. சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊர்ப்பக்கம் மறைவதால், இரண்டிலும் காலைதான் உசத்தி. அந்த வேளை முழுக்கக் கடலுக்குக் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் நான் ஊரைத் தேர்ந்தெடுப்பேன்.

மாமல்லபுரத்தில் அது கிடைப்பது கஷ்டம். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை வெயில் நேராக விழும்போதுதான் செதுக்கல்கள் துலங்கும். ஒற்றைக்காலில் தவம் செய்யும் முனிவரைப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனையும் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். அதை விட்டு நகர மனம் வராது. ஐந்து ரதங்களையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். கடற்கரைக் கோயில் மாலை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள், ஆக மாலையும் போச்சு. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், அதற்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் அங்கே கல்தான் நாயகன், கடல் பின்னணி.

தரங்கம்பாடியில் இது தலைகீழ். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை மணலை ஒட்டியே நிற்கிறது. 1792-ஆம் ஆண்டு நுழைவாயில், ராஜ வீதி, 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் எல்லாமே நடை தூரம்தான். வெயில் நேரத்தில் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் மிச்சம். அந்த வேளையில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய் உட்காருங்கள். பாண்டியர் காலத்துக் கோயில், 1306-இல் எழுந்தது. அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மேலும் அரிக்காமல் இருக்கக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கடல் ஒரு ஊரை என்ன செய்யும் என்பது அங்கே கண்முன் இருக்கிறது.

குளியல் விஷயத்தில் இரண்டுமே ஆபத்துதான், கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது. நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வழி அது. இழுத்தாலும் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தித்தான் வெளியே வர வேண்டும்.

சாப்பாட்டில் மாமல்லபுரம் எளிதாக ஜெயிக்கும். தரங்கம்பாடியில் கடைகள் குறைவு, பொறையாரோ காரைக்காலோ போக வேண்டியிருக்கும். மீனுக்காகப் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எந்தப் பக்கமும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்த 61 நாளும் விசைப்படகுகளுக்குத் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் கொந்தளிப்பும். ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

ஒரே பகல்தான் கையில் இருக்கிறது, கூடவே வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் மாமல்லபுரம் போங்கள். கடலுக்காகவே போவதென்றால் என் ஓட்டு தரங்கம்பாடிக்கு. அறையைக் கோட்டைக்குப் பக்கத்திலேயே எடுங்கள், இருட்டு விலகுமுன் நடந்தே கரைக்குப் போய்விடலாம். தங்கும் இடங்கள் கொஞ்சம்தான் என்பதால், பொங்கல் விடுமுறைக்குப் போவதாக இருந்தால் வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.