இரும்புக்கை மாயாவியும் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு மையும்

மட்டக்களப்பில் ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களிடம் காமிக்ஸ் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வந்து விழும் பெயர் இரும்புக்கை மாயாவி. அவரை வரைந்த ஓவியரின் பெயரோ பேச்சு முடியும்வரை வராது. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவியின் கதைதான். அந்தக் கதையின் மறுபதிப்பையும், அதைத் தொடர்ந்து வந்த சில மாயாவி இதழ்களையும் அண்மையில் ஒருசேர வாசித்தபோது, கதையை இரண்டாம் பட்சமாக வைத்துக்கொண்டு சித்திரங்களை மட்டுமே கவனித்தேன். இவ்விதழ்களை இன்றும் காசு கொடுத்து வாங்கலாம் என்றால், அதற்குக் காரணம் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர்தான்.

பிளாஸ்கோ 1919இல் பார்சலோனாவில் பிறந்து 1995இல் மறைந்தவர். அவருடைய சகோதரர்களும் சித்திரக்கதை ஓவியர்களே. லண்டனில் 1962இல் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழுக்காக இந்தத் தொடரை அவர் வரைந்தார். முதலில் கென் பல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுதினார்கள். ஆய்வுகூட உதவியாளனான லூயிஸ் கிராண்டல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்து, அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். (2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டை அனுபவித்த நமது நாட்டில் மாயாவியின் தொழில் படுத்திருக்கும்.)

கதாநாயகனே கண்ணுக்குத் தெரியாத கதையை எப்படி வரைவது? பிளாஸ்கோ இதற்குக் கண்ட வழி, கையையே ஒரு முகம்போல நடிக்க விடுவதுதான். ஆத்திரத்தில் விரல்கள் அகன்று விறைக்கின்றன, தயக்கத்தில் பாதி மடிகின்றன, எதையாவது பற்றும்போது மணிக்கட்டு சற்றே கீழ்நோக்கிச் சாய்கிறது. உலோகம் என்பதை உணர்த்த அவர் கையை முழுக்க மையால் நிரப்பி, விரல் மூட்டுகளில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்றுகளை விட்டுவைக்கிறார்; அந்தக் கீற்றுகள் இல்லாவிட்டால் அது வெறும் கறுப்புக் கையுறையாகிவிடும். உடல் இருக்கவேண்டிய இடத்தில் அவர் எதையும் வரைவதில்லை. ஆனாலும் கை நிற்கும் உயரத்தையும் எதிரே நிற்பவரின் பார்வை பதியும் இடத்தையும் வைத்து, மாயாவி குனிந்திருக்கிறாரா நிமிர்ந்திருக்கிறாரா என்பதை நாமே ஊகித்துக்கொள்கிறோம்.

முகங்களிலும் இதே கெட்டித்தனம் தெரிகிறது. முதற்கதையில் கிராண்டல் நாயகனல்ல, வில்லன். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழ, மறுபக்கத்தை இருளில் முக்கிவிடும் அந்த முறை, பின்னர் அவன் உளவுப் படையில் சேர்ந்து நல்லவனான பிறகும் முற்றாக மறைவதில்லை. ஆகவே அவனை முழுமையாக நம்பலாமா என்ற சிறு சந்தேகம், வசனத்தில் இல்லாவிட்டாலும் படத்தில் நீடிக்கிறது.

கதைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாரத்துக்கு இரண்டு பக்கம் என்று வந்த தொடரை ஒன்றாகக் கோத்து வாசிக்கும்போது, இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை யாராவது ஆபத்தில் சிக்குவது அலுப்பூட்டுகிறது. தற்செயல் நிகழ்வுகளும் ஏராளம். வார இதழின் பெரிய பக்கத்துக்காக வரையப்பட்ட நுண்கோடுகள் தமிழ் இதழின் சிறிய பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும் சொல்லியாக வேண்டும். குறிப்பாக, கைமாறி வந்த பழைய பிரதிகளின் பழுப்புத் தாளில், நிழலுக்காகப் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று கலந்து திட்டாகிவிடுகின்றன. மட்டக்களப்பின் வாவிக் காற்றும் அத்தாளுக்கு நல்லதல்ல. ஓவியத்துக்காக வாங்குபவர்கள் வெள்ளைத் தாளில் வந்த மறுபதிப்பைத் தேடுவதே நல்லது. பழைய பிரதிக்காக அதிக விலை கொடுப்பது சேகரிப்பாளர்களின் வேலை.

அறுபதுகளின் பிற்பகுதியில் மாயாவிக்கு சூப்பர் ஹீரோ உடை மாட்டிவிட்ட ஒரு கட்டமும் உண்டு. அதையும் பிளாஸ்கோதான் வரைந்தார். கோட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால், வெற்றிடத்தில் தனியாக மிதந்த கைக்கு இருந்த மிரட்டல் அந்த உடைக்கு இல்லை. ஆகையால் முதற்கதையை வாங்குங்கள்; உடை மாட்டிய கதைகளை யாரிடமாவது இரவல் கேட்டு வாசித்தாலே போதும்.