ஒரே பீச், மூன்று வேர்கள்

2016 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில், வீட்டுக்குப் பின்னால் மூன்று பீச் பழக் கன்றுகள் நட்டேன். மூன்றுமே ஓ'ஹென்றி ரகம். ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்க்குச்சிதான் (ரகத்தை ஒட்டிக் கட்டும் அடிக்கன்று) வேறு வேறு: நெமாகார்ட், லவல், சைட்டேஷன். எங்களுடையது சுத்தக் களிமண். கோடையில் கடப்பாரை இறங்காது. மழைக்காலத்தில் குழி தோண்டினால் மறுநாளும் தண்ணீர் நிற்கும்.

முதல் வருடம் நெமாகார்ட்தான் வேகமாக வளர்ந்தது, என் உயரத்தைத் தாண்டிவிட்டது. 1959-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட வேர் அது. வேர்முடிச்சு நூற்புழுவை (வேரில் முடிச்சு விழவைக்கும் மண் நுண்புழு) தாங்கும் என்பதால் கலிபோர்னியாவின் மணற்பாங்கான தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான். ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. 2017 தொடக்கத்தில் இங்கே கடும் மழை. ஏப்ரலில் இலை விட்டது, மே மாதம் மஞ்சளானது, அடிமரத்தில் பிசின் வடிந்தது. ஜூனில் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, அழுகல் நாற்றம். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

பன்னிரண்டு அடி தள்ளி, அதே வரிசையில், அதே மழையில் நின்ற லவல் பிழைத்துக்கொண்டது. லவல் என்பது ஒரு காலத்தில் உலர்த்துவதற்காக வளர்த்த பீச் ரகம். அதன் கொட்டையில் முளைத்த கன்றுதான் வேர்க்குச்சியாகிறது. ஈரத்தை நெமாகார்டைவிட நன்றாகத் தாங்கும். ஆகஸ்ட் வந்தால் கை நிறையும் அளவுக்குப் பழம். மரம் பெரிதாகப் போகும், ஒவ்வொரு குளிர்காலமும் தயங்காமல் கவாத்து செய்தே ஆக வேண்டும். அப்புறம், மணல் மண்ணுக்கு இதை வாங்காதீர்கள். லிவிங்ஸ்டன் பக்கம் நண்பர் ஒருவர் வைத்த லவல் வேரில் மணி கோத்ததுபோல நூற்புழு முடிச்சுகள். அவருக்கு நெமாகார்ட்தான் சரி.

சைட்டேஷன் மொடெஸ்டோவின் ஸைகர் குடும்பம் உருவாக்கிய பீச்-பிளம் கலப்பு. மரம் குட்டையாக நிற்கும், ஏணி இல்லாமல் பறிக்கலாம், மூன்றாம் வருடமே காய்த்தது. மழையையும் பொறுத்துக்கொண்டது. வறட்சிதான் ஆகாது. 2021-ல் தண்ணீரைக் குறைத்தேன்; ஜூலைக் கடைசியிலேயே இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போய்விட்டது, பழம் எலுமிச்சை அளவில் நின்றது. மறுவருடம் மூடாக்குப் போட்டு, சொட்டுநீர் தவறாமல் விட்டதும் தேறியது. சின்ன இடம், தண்ணீருக்குக் குறைவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

இலைச்சுருட்டு நோய்க்கு எந்த வேரும் உதவவில்லை. லவல், சைட்டேஷன் இரண்டிலும் ஒரே மாதிரி வந்தது. இலை உதிர்ந்தபின் தாமிர மருந்து அடித்தால்தான் அடங்குகிறது.

போன மாதம் ஒரு கடையில் கன்றின் அட்டையில் "பாதிக்குட்டை" (முழு மரத்தைவிடக் குட்டையாக நிற்கும்) என்று மட்டும் போட்டிருந்தது. எந்த வேர் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். செத்த மரம் இருந்த குழியை விட்டு, பக்கத்தில் ஒன்றரை அடி மேடு கட்டியிருக்கிறேன். ஜனவரியில் அதில் இன்னொரு லவல் வைக்கப்போகிறேன்.